வீடு திரும்பிய தேதி

வேலையைத் தள்ளிப்போட்டதற்காக எனக்கு ஒரு கேடயம் கொடுத்திருக்கிறார்கள். சும்மா இல்லை, மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி. சிதம்பரத்தில் ஓர் ஓட்டலின் மாடி ஹாலில் அந்த விழா நடந்தது. நான் ஏற்புரை வேறு ஆற்றினேன். ‘வாடிக்கையாளரின் ஒவ்வொரு நிமிடமும் நம்முடைய நிமிடம்’ என்று அதில் ஒரு வாக்கியம் வந்தது. அதைச் செதுக்க மூன்று நாள் பிடித்தது. அந்த மூன்று நாளும் என் மேஜையில் இருந்த ஃபைல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

கடலூரில், மஞ்சக்குப்பத்தில், ஒரு மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியின் கிளையில் நான் அப்போது தர மேம்பாட்டு அதிகாரி. ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்கள் எங்களுக்கு கிளெய்ம் அனுப்புவார்கள். பதினைந்து நாளைக்குள் உண்டு அல்லது இல்லை என்று சொல்லிவிட வேண்டும். அதை அளக்க கம்ப்யூட்டரில் ஒரு கடிகாரம் ஓடும். ‘இன்னும் ஒரு பேப்பர் தேவை’ என்று நாங்கள் கடிதம் அனுப்பினால் கடிகாரம் நின்றுவிடும். அந்தப் பேப்பர் வந்து சேர்ந்ததும் மறுபடி முதல் நாளிலிருந்து ஓடும். இதை வைத்து நான் செய்த தர மேம்பாடு எளிமையானது: பதினான்காம் நாள் சாயங்காலம் ஏதாவது ஒரு பேப்பர் கேட்பது. எந்தப் பேப்பர் என்பது முக்கியமில்லை. டாக்டரின் பதிவு எண். ஆஸ்பத்திரியின் வட்ட முத்திரை. முத்திரை இருந்தால், இன்னும் கொஞ்சம் தெளிவான முத்திரை. ஒரே வருடத்தில் எங்கள் கிளை மண்டலத்திலேயே வேகமான கிளை ஆகிவிட்டது. நான்கு மாதமாக வீட்டில் உட்கார்ந்து காத்திருக்கிறவரின் ஃபைலுக்கு எங்கள் கடிகாரப்படி வயது நான்கு நாள்.

நான் நிறையப் படிக்கிறவன். இந்தக் காரியத்துக்கு என்ன பெயர் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து செய்ததால் கொஞ்சம் நேர்த்தியாகவே செய்தேன்.

புதிய மேலாளர் எங்கள் கிளைக்கு வந்தது நான் கேடயம் வாங்கிய மூன்றாவது மாதம், ஒரு சித்திரை மாதத்து மதியம். ஒரு மணி இருக்கும். கவுண்டருக்கு அந்தப்பக்கம் துணிப்பையோடு ஒரு பெண்மணி நிற்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், “லஞ்ச் டைம்மா, மூணு மணிக்கு வாங்க” என்றேன். அவர் போய்விட்டார். சரியாக மூன்று மணிக்கு வந்து, “மூணு மணிக்கு வரச் சொன்னீங்க” என்று ஒரு காகிதத்தை நீட்டினார். அவருடைய பணி நியமன உத்தரவு.

அந்தக் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். குத்தலைக் கண்டுபிடிப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. சுத்தமாக இல்லை. இரண்டு மணி நேரமும் எதிரே இருந்த பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தாராம். நாற்காலியில் அமர்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, லஞ்ச் இரண்டு மணிக்கு முடிந்துவிடும் என்று போர்டில் போட்டிருக்கிறதே, பிறகு ஏன் மூன்று என்று சொன்னீர்கள் என்பது. “ஒரு பாதுகாப்புக்கு மேடம்” என்றேன். அவர் ஒரு சின்ன நோட்டை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பக்கத்து மேஜை ராஜவேலு பண்ருட்டிக்காரர். என் மனைவி வழியில் தூரத்து உறவு. அதனால் என்னை மாமா என்பார், அந்தச் சொல்லுக்கு வழக்கமாக உள்ள மரியாதையைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு. “ஆபீசரையே ரெண்டு மணி நேரம் வெயில்ல காயப் போட்டுட்டீங்களே மாமா, என்னா அப்பளமா அவுங்க?” என்றார்.

மேடத்துக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். சிதம்பரத்தில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். காலையில் பாசஞ்சர் ரயிலில் வந்து மாலையில் பாசஞ்சரில் போவார். கல்யாணம் ஆயிற்றா, யாராவது இருக்கிறார்களா என்பதெல்லாம் கடைசி வரை எங்களுக்குத் தெரியாது. ஓர் அலுவலகத்தில் இப்படி ஒரு விஷயம் தெரியாமல் இருப்பது சாதாரணமல்ல. ராஜவேலு எவ்வளவோ முயன்றார். மேடத்தின் கைபேசி ஒருநாளும் அடித்ததில்லை என்பது மட்டுமே அவரால் கண்டுபிடிக்க முடிந்தது.

வந்த இரண்டாவது வாரம் என்னுடைய புகழ்பெற்ற அறிக்கையைக் கேட்டு வாங்கினார். வெகுநேரம் பார்த்தார்.

“இதுல பேஷண்ட் ஆஸ்பத்திரிய விட்டு வீட்டுக்குப் போன தேதி எங்க சார்?”

“அது நம்ம ரிப்போர்ட்ல வராது மேடம்.”

“அவுங்க அன்னையிலேருந்துதானே எண்ணிக்கிட்டிருப்பாங்க” என்றார். “அந்தத் தேதிய முதல்ல போட்டு, ரொம்ப நாள் ஆனவங்க மேல வர்ற மாதிரி குடுங்க.”

அவருடைய நிர்வாகம் முழுவதும் அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தவை. அந்தப் புதிய பட்டியலை அச்செடுத்துப் பார்த்தேன். நான்கு நாள் குழந்தைகளாக இருந்த ஃபைல்களுக்கெல்லாம் ஒரே நாளில் மீசை முளைத்திருந்தது.

முதல் வரியில் இருந்தவர் பரங்கிப்பேட்டைக்காரர், வயதான ஓர் அம்மா. வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் அவர் பெயரில் பாலிசி எடுத்திருந்தான். கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன். வீட்டுக்குப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. நாங்கள் நான்கு முறை பேப்பர் கேட்டிருந்தோம். ஒவ்வொரு முறையும் அந்தம்மா ரயிலேறி வந்து, ஆஸ்பத்திரியில் வாங்கி, எங்களிடம் சேர்த்திருக்கிறார். நான்காவதாகக் கேட்டது வார்டில் நர்ஸ்கள் எழுதும் அசல் குறிப்பு. அது ஐப்பசி மழையில் ஆஸ்பத்திரிக்குள் தண்ணீர் புகுந்தபோது மற்ற பதிவேடுகளோடு கூழாகிவிட்டது. அந்தப் பேப்பர் இல்லாமல் கிளெய்மை அனுமதிக்க மண்டல மேலாளரின் கையெழுத்து வேண்டும். மண்டல அலுவலகத்துக்கு எழுதினால் பதில் வராது. பதில் போட்டால் அவர்களுடைய கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.

அன்று நான்கு மணிக்கு மேடம் தன் மேஜையிலிருந்த ஃபோனை எடுத்து, பட்டியலின் முதல் வரியில் இருந்த எண்ணை அழுத்தினார். இன்ன கம்பெனியிலிருந்து பேசுகிறேன், இன்னும் முடியவில்லை, தாமதம் எங்களுடையது, சொல்லுங்கள் என்றார். அதற்கப்புறம் பேசவில்லை. கால் மணி நேரம் “ம்” மட்டும் கேட்டது. அதிலும் அவசரம் இல்லாத ஒரு ‘ம்’. வைத்துவிட்டு நோட்டில் ஏதோ ஒரு வரி எழுதினார்.

தினமும் நான்கு மணிக்கு, பட்டியலில் முதலில் இருப்பவருக்கு ஒரு ஃபோன் என்பது அவர் தனக்கு வைத்துக்கொண்ட விதி. மண்டல மேலாளர் கையெழுத்துப் போடாததால் முதல் வரி மாறவில்லை. முதல் வரி மாறாததால் அவர் தினமும் பரங்கிப்பேட்டைக்கே பேசினார். இரண்டாவது வரிக்குப் போகலாமே என்று யோசனை சொன்னேன். “முதல் வரி முடியலியே சார்” என்றார். ராஜவேலு அவருக்கு ‘நாலு மணி’ என்று பெயர் வைத்தார். “மாமா, நாலு மணி இன்னைக்கு பச்சப் பொடவ” என்கிற மாதிரி.

பதினான்காம் நாள் கடிதம் நின்றுபோனது. கேட்க வேண்டிய பேப்பரை முதல் நாளே, எல்லாவற்றையும் ஒரே தடவையில், எதற்குக் கேட்கிறோம் என்று தமிழில் ஒரு வரி எழுதிக் கேட்க வேண்டும் என்றார். அந்த ஒரு வரியில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். பாதிப் பேப்பர்களுக்கு எங்களுக்கே காரணம் தெரியவில்லை. நர்ஸ் குறிப்பின் அசல் எதற்கு என்று என்னிடம் கேட்டார். ரூல் மேடம் என்றேன். எந்த ரூல் என்றார். பழைய சுற்றறிக்கைகளில் இரண்டு நாள் தேடிக் கண்டுபிடித்தேன். கீழே என்னுடைய கையெழுத்து இருந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். “அப்ப நீங்களே எடுத்துடலாம்ல சார்” என்றார். எடுத்தேன். ஆனால் ஏற்கெனவே கேட்டு முடித்த பேப்பரைக் கேட்காததாக ஆக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. பரங்கிப்பேட்டை அப்படியே முதல் வரியில் இருந்தது.

அவர் எண்ணிய விதத்தில் எண்ணி மாத அறிக்கையை அனுப்பியபோது, மண்டலத்தில் முதலாவதாக இருந்த எங்கள் கிளை கடைசிக்கு வந்தது. உண்மையில் வேலை முன்னைவிட வேகமாகத்தான் நடந்தது. ஆனால் மற்ற கிளைகள் எல்லாம் பழைய கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. முதலிடத்துக்குப் பரிசாக எல்லோரையும் குடும்பத்தோடு ஏற்காடு அழைத்துப் போவதாக இருந்தது. அது ரத்தானது. என் மனைவி அதற்குள் இரண்டு ஸ்வெட்டர் வாங்கியிருந்தாள். கடலூரில் ஸ்வெட்டரை என்ன செய்வது என்று அவள் என்னைக் கேட்கவில்லை. மடித்து, நான் புத்தகம் வைக்கும் அலமாரியில் வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அலுவலகத்தில் யாரும் அவரோடு வேலைக்கு வேண்டியதைத் தவிரப் பேசவில்லை. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை, தானாக அப்படி அமைந்தது. மதியம் நாங்கள் பின் அறையில் டிபன் பாக்ஸ்களைத் திறந்து கூட்டாகச் சாப்பிடுவோம். அவர் தன் மேஜையிலேயே சாப்பிடுவார். பலாப்பழக் காலத்தில் ராஜவேலு ஊரிலிருந்து ஒரு முழுப் பழம் கொண்டுவந்து அரிந்து எல்லோருக்கும் கொடுத்தார். மேடத்தின் பங்கை ஒரு பேப்பரில் வைத்து, அவர் வெளியே போயிருந்த நேரம் பார்த்து மேஜையில் வைத்துவிட்டு வந்தார். சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு, மறந்துவிட்ட கண்ணாடியை எடுக்கத் திரும்பிப் போனேன். ஜன்னலோரம் நின்று ஒவ்வொரு சுளையாக, அவசரமில்லாமல் தின்றுகொண்டிருந்தார். கொட்டைகளைக் குழாயில் கழுவி, கைக்குட்டையில் முடிந்து பைக்குள் போட்டுக்கொண்டார். கண்ணாடியை எடுக்காமலே வந்துவிட்டேன்.

ஒருமுறை சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்காக மேடம் போகிற அதே மாலை பாசஞ்சரில் போக நேர்ந்தது. வேறு பெட்டிக்குப் போயிருக்கலாம். அதற்குள் பார்த்துவிட்டார். எதிரெதிரே உட்கார்ந்தோம். ஆலப்பாக்கம் வரை நான் வெயிலைப் பற்றிப் பேசினேன். புதுச்சத்திரம் வரை மழையைப் பற்றி. பிறகு சரக்கு தீர்ந்துவிட்டது. பரங்கிப்பேட்டையில் வண்டி நின்றதும் அவர் எழுந்து கதவருகே போய், பிளாட்பாரத்துக்கு அப்பால் ஊர்ப் பக்கம் போகிற சாலையை எட்டிப் பார்த்தார். வண்டி நகர்ந்ததும் வந்து உட்கார்ந்தார்.

யாராவது வருகிறார்களா என்று கேட்டேன்.

“இல்ல சார். ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் எவ்ளோ தூரம்னு தெனமும் பாக்குறேன். கண்ணுக்கு எட்டல. நாலு தடவ நடந்திருக்காங்க.”

நான் கிள்ளை வரை ஜன்னலுக்கு வெளியே சவுக்குத் தோப்புகளைக் கவனமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆடி மாதம் மண்டல மேலாளர் ஆய்வுக் கூட்டத்துக்கு வந்தார். நடராஜரைத் தரிசிக்கும் எண்ணமும் இருந்ததால் கூட்டத்தைச் சிதம்பரத்திலேயே வைத்துக்கொண்டார். எனக்குக் கேடயம் கொடுத்த அதே ஹால். பக்கத்து மாவட்டக் கிளைகளிலிருந்தும் வந்திருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, இன்று மேடத்தின் நாற்காலி நிற்குமா, அவர் எண்ணுகிற முறை நிற்குமா என்பதுதான் கேள்வி என்று. இரண்டும் ஒன்றுதான்.

நீங்கள் வருவதற்கு முன் முதலிடம், வந்த பின் கடைசி, என்னதான் செய்தீர்கள் என்று மண்டல மேலாளர் கேட்டார். அவர் எழுந்து, “ஒண்ணும் பண்ணல சார். எண்ண ஆரம்பிக்கிற தேதிய மாத்தினோம்” என்றார்.

“அப்ப இவ்ளோ நாள் இருந்த கணக்கு தப்புங்கிறீங்களா?”

பதினான்காம் நாள் கடிதம் யாருடைய கண்டுபிடிப்பு என்று மேடத்துக்குத் தெரியும். கையை நீட்டி என்னைக் காட்டியிருக்கலாம். நான் அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி இருந்தேன். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. “எங்க பக்கத்துலேருந்து எண்ணினா சரி சார். பேஷண்ட் பக்கத்துலேருந்து எண்ணினா தப்பு” என்றார்.

மண்டல மேலாளர் என்னைப் பார்த்தார். “குவாலிட்டி நீங்கதானே? கேடயமெல்லாம் வாங்கினீங்களே. நீங்க சொல்லுங்க, பழைய கணக்கு தப்பா?”

ஆமாம் சார், அது நான் செய்த தில்லுமுல்லு என்று சொல்ல வேண்டும். நாலைந்து சொல். வேலை போயிருக்காது. அதிகம் போனால் ஒரு கண்டனக் கடிதம். மேடம் பதவியில் நின்றிருப்பார். இதையெல்லாம் அந்த ஒரு விநாடியில் மிகத் தெளிவாக யோசித்தேன். பிறகு, “ரெண்டுமே ஒரு விதத்துல சரிதான் சார்” என்றேன்.

ஹாலில் சிரித்தார்கள். மண்டல மேலாளரும் சிரித்தார். மேடம் உட்கார்ந்து, நான் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

கூட்டம் முடிந்து காபி வந்தபோது, மண்டல மேலாளர் அவரைத் தனியாக அழைத்து இரண்டு நிமிடம் பேசினார். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டு, பைக்குள்ளிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். “இது ஒண்ணு மட்டும் சார்.” பரங்கிப்பேட்டை ஃபைல். என் பதிலால் மனம் குளிர்ந்திருந்த மண்டல மேலாளர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். என் கோழைத்தனத்தால் ஒரு நல்ல காரியம் நடந்தது என்று யாராவது சொல்வார்களா என்று சுற்றிப் பார்த்தேன். ராஜவேலு பஜ்ஜிக்கு சட்னி கேட்டுக்கொண்டிருந்தார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். கீழவீதியில் பூக்கடைகளைத் தாண்டும்போது பின்னால் மேடம் வந்து சேர்ந்துகொண்டார். அவர் வீடும் அந்த வழிதானாம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தேன். அதில் ஒரு உவமை வேறு வந்துவிட்டது. அதை நீக்குவதற்குள் அவர் கையெழுத்தான ஃபைலை என்னிடம் நீட்டினார்.

“நாளைக்கு நான் வர மாட்டேன் சார். மண்டல ஆபீஸ்ல ரிப்போர்ட் பண்ணச் சொல்லிட்டாங்க. ஃபைலக் காலையில முதல் வேலையா கம்ப்யூட்டர்ல ஏத்திடுங்க. நாலு மணிக்கு பரங்கிப்பேட்டை அம்மாவுக்கு ஒரு ஃபோன் போட்டுச் சொல்லிடுங்க. எதிர்பாத்துக்கிட்டிருப்பாங்க.”

சரி மேடம் என்றேன். வேறு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். “வர்றேன் சார்” என்று ஒரு சந்தில் திரும்பினார். விளக்கு எரியாத வீடு ஒன்றின் பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது.

பிறகு அவரை நான் பார்க்கவில்லை. வடக்கே எங்கோ பழைய ஃபைல்களைச் சேமித்து வைக்கும் கிடங்குக்குப் பொறுப்பாகப் போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வீடு திரும்பிய தேதியை எங்கள் அறிக்கையிலிருந்து எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எடுத்தவன் நான்தான். இரண்டு நிமிட வேலை.

கூட்டம் முடிந்த மறுநாள் நான்கு மணிக்கு, அவருடைய மேஜையில் உட்கார எனக்குக் கூசியது, நின்றபடியே ஃபோன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

“சொல்லும்மா” என்றது குரல்.

கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லி, உங்கள் கிளெய்ம் அனுமதியாகிவிட்டது என்பதை ஒரு பிரகடனம் போல அறிவித்தேன்.

“அது காலையிலேயே மெசேஜு வந்துருச்சு தம்பி. மவனும் ஃபோன் பண்ணிச் சொல்லிட்டான். அந்தம்மா எங்க?”

மாற்றலாகிப் போய்விட்டார்கள் என்றேன். அந்தப்பக்கம் ஒரு சேவல் கூவுவது மட்டும் கேட்டது. நான் ஃபோனை வைத்திருக்கலாம். உங்களை நாலு தடவை அலைய வைத்தவன் நான்தான் என்று இவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. தொண்டை வரை வந்தது. வெளியே வந்தபோது அது “ம்” என்றுதான் கேட்டது.

“எவ்ளோ வேல கெடந்தாலும் நாலு மணிக்கு ஃபோனோட ஒக்காந்துருவேன் தம்பி” என்றார் அந்தம்மா. “மொத நாள்தான் கிளெய்மப் பத்தி பேசுனோம். தெனமும் அதையே என்னாத்த பேசுறது? அது பேசாது, ம்ம்முன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். பாவம், பேச்சுத்தொணைக்கு ஆளில்லாத புள்ள போலன்னு நாந்தான் மீன் ஆணம் வெச்சது, பக்கத்து வூட்டுச் சண்டன்னு எதாவது சொல்லிக்கிட்டிருப்பேன். அதுக்கும் கொஞ்சம் பொழுது போவட்டுமேன்னு.”

“ம்” என்றேன்.

“ஏன் தம்பி, ஒங்களுக்கும் வூட்டுல யாருமில்லியா?”